நெறி கட்டினதுக்கு ஒரு பேரம்

...ஒண்ணுமில்லையாம் தங்கச்சி! கேட்டியா அநியாயத்த? காலையிலேர்ந்து காத்துக் கெடந்து உள்ள போனா, ரெண்டு விரல வச்சுப் பாத்துட்டு, "நெறி கட்டியிருக்கும்மா, ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க"ன்னுட்டாரு டாக்டர். ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?

இந்தா, என் மடியில சாஞ்சிருக்காளே, இவளுக்குத்தான். அஞ்சு வயசு. இவ அப்பா மருந்து வாங்கப் போயிருக்காரு. என்ன மருந்துங்கிற? பேன் மருந்து! கழுத்துல கட்டின்னு பதறியடிச்சு ஓடியாந்தா, "தலைய சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருக்கா, அதுக்குத்தான் பின்கழுத்துல நெறி கட்டியிருக்கு"ங்கறாரு. நர்சம்மா வேற வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குது. மானமே போச்சு.

நான் விடுவனா? பழ மண்டி ஏலத்துல அத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தையா நின்னு பேசுறவ. ஸ்கேன் எடுங்கன்னேன். வேணாம்னாரு. ரத்தமாவது பாருங்கன்னேன். வேணாம். சரி, ஒரு ஊசி? இவ ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா... எப்பதான் பயப்படணும், அதையாவது சொல்லுங்கன்னேன். கல்லு மாதிரி இறுகி நகராம நின்னா, வளந்துக்கிட்டே போனா, தோள்பட்டைக்கு முன்னால காறையெலும்புக்கு மேல வந்தா, காய்ச்சல் விடாம அடிச்சா, புள்ள இளைச்சா, உடனே தூக்கிட்டு வாங்கன்னாரு. இல்லாட்டி நாலு வாரம் கழிச்சு வந்து காட்டுங்கன்னாரு. ரெண்டுன்னேன். நாலுன்னாரு. மூணுன்னேன். மனுஷன் எறங்கவே இல்ல தங்கச்சி! இப்பிடி ஒரு அழுத்தக்காரன நான் மண்டியில கூடப் பாத்ததில்ல.

அப்பறம் கண்ணாடியக் கழட்டிட்டுக் கேக்குறாரு: "கட்டி பட்டாணி அளவுதான் இருக்கு. மேல தோல் ஏன் கன்னிப் போயிருக்கு? விரல் தடம் பதிஞ்சிருக்கே, யாரு அமுக்குறது?"

இந்தப் பொடிசு பட்டுன்னு என்னக் கை காட்டுது! பெத்தவளையே காட்டிக் குடுக்குது!

பின்ன என்ன? கட்டைவிரல வச்சா பழத்துக்குள்ள இருக்கிற அழுகல சொல்லிருவேன், என் புள்ள கழுத்து எனக்குத் தெரியாதா? எந்திரிச்சதும் அமுக்குவேன், பல்லு வெளக்கும்போது, சோறு ஊட்டும்போது... உருளுதா, நிக்குதான்னு. பாக்காம எப்பிடிம்மா சோறு எறங்கும்? அவருக்கென்ன, அது அவரு புள்ளயா? "அமுக்க அமுக்கத்தான் வலிக்கும், வீங்கும். இனிமே உங்க கை அதுல படவே கூடாது"ன்னு கண்டிச்சு சொல்லிட்டாரு.

படாது. ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான், பேச்சு மாற மாட்டேன். ஆனா வெளிய வந்து எவ்வளவு நேரம் ஆச்சு... இதுக்குள்ள இறுகியிருந்தா?

தங்கச்சி... என் கைதானே படக்கூடாதுன்னாரு? உன் கை பட்டா தப்பில்லையே! மெதுவா, ஒரே ஒரு தடவ. உருளுதா, அத மட்டும் சொல்லு. ஏய், திரும்புடி, சித்தி பாக்கட்டும். அழாத, இது அம்மா கை இல்ல...

என்னம்மா, எந்திரிச்சுட்ட? உன் டோக்கன் இன்னும் கூப்பிடவே இல்லியே! ஏம்மா... ஏ தங்கச்சி...

போ, போ.

யக்கா! அந்த ஓரத்து நாற்காலி அக்கா! கை ஒழிவாத்தானே இருக்கீங்க?