எல்லோருக்கும் சேர்த்து ஒரு நெஞ்சுப் படம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் அம்மா, எனக்குக் காற்று ஆகாது. என் கும்பலில் மிச்சமிருக்கும் ஆறு பேர் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? படித்தவர்களுக்கு எப்போதும் அவசரம். நடந்ததை முதலில் கேளுங்கள்.

பெயிண்ட் கிடங்கு எரிந்து சரிந்தபோது இடிபாட்டை அள்ளியது நாங்கள்தான். நான் மேஸ்திரி. கல்நார்க் கூரை, அதுதான் ஆஸ்பெஸ்டாஸ், பொடிப்பொடியாகக் கிடந்தது. கடப்பாரை போட்டால் சாம்பல் ஆள் உயரத்துக்கு எழும்பும். ஆட்கள் கீழே நின்றார்கள். நான் கிரேன் வண்டியின் கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கை காட்டினேன். வெளியே சத்தம் தாங்காது.

சில வருஷம் கழித்து உங்கள் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அந்தத் தூசியைத் தின்றவர்களுக்கு நுரையீரலில் புற்று வரலாம், வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம், எல்லாம் இலவசம் என்றார்கள். இலவசம் என்றாலே நான் இரண்டு தடவை மோந்து பார்க்கிறவன். சீக்குக் கும்பல் என்று பெயர் விழுந்தால் எந்த இன்ஜினியர் எங்களைக் கூப்பிடுவான்? அதனால் நான் மட்டும் போனேன். கலவையில் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் மொத்தக் கலவையும் தெரிந்துவிடும். மனிதனுக்கு மட்டும் வேறு கணக்கா?

"உங்க ஆளுங்க எங்க பெரியவரே?" என்றது நர்ஸ்.

"எல்லாருக்கும் சேர்த்து நான் வந்திருக்கேம்மா."

நர்ஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

படம் சுத்தம். டீக்கடையில் சொன்னேன், எல்லோருக்கும் நிம்மதி. என் தங்கச்சி புருஷன் மட்டும் இழுத்தார்.

"மச்சான், இருமல் விடமாட்டேங்குது. நானும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடட்டா?"

"ஏன் மாப்ளே, என் நெஞ்சு மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க நெஞ்சு மேல நம்பிக்கைதான். என் நெஞ்சு மேலதான் சந்தேகம்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்து, இருமி, உட்கார்ந்துவிட்டார்.

மறு வருஷம் அதே நர்ஸ், அவர் இருமலைக் கேள்விப்பட்டு, அவரைத் தேடி என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஊரை விட்டே போய்விட்டார் என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல்.

"யாரு அது?"

"நாயிம்மா. தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு."

கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது, போன வருஷமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்களுக்குப் போன வருஷத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அலாதிப் பிரியம். மாப்பிள்ளையை எடுத்த நாளிலிருந்து தங்கச்சி என் முகத்தில் விழிப்பதில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

மறைக்க என்ன இருக்கிறது? அது விஷத் தூசி என்று முதல் நாளே தீயணைப்புக்காரர் என் காதில் போட்டுவிட்டார். நான் கதவைச் சாத்தியது சத்தத்துக்காக அல்ல. கீழே சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே நின்றிருக்கும். வருஷம் தவறாமல் நான் மட்டும் படம் எடுத்துக்கொண்டதும் நிஜம்தான். கும்பலில் ஒருவனாவது உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அந்த ஆறு பேர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிறவர்களை ஏன் வீணாகக் கலங்கடிக்க வேண்டும்? அவர்களுக்கு ஒன்றும் இருக்காது அம்மா. போன வாரம்தான் மறுபடி என் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லை.