பனித் தெருவில் தட்டியவன்

மாலை நாலரை மணி. அதற்குள்ளேயே இருட்டிவிட்டது. நீளமான தெரு... முழங்கால் அளவு பனி... ஒரு நாய்கூட இல்லை.

இது நம் லண்டன் ஹவுன்ஸ்லோ சிவகௌரியின் அண்ணை பத்மநாதனுக்கு நடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது.

மகள் மிதுஷா படிக்கிற ஊரைப் பார்க்க அவர் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் போயிருந்தார். சின்ன ஊர். சுற்றிவர மாட்டுப் பண்ணைகள், நடுவே பல்கலைக்கழகம். முதல் ரயில் வந்து நின்ற ஸ்டேஷன், மாட்டுத் திருடர்களை அடைத்த பழைய சிறை எல்லாவற்றையும் பகலில் காட்டினாள் மகள். சிறைக்கு இப்போது டிக்கெட்! பிறகு அவரைத் தன் வாடகை வீட்டில் விட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

“ஆரும் தட்டினா திறவுங்கோ அப்பா. இந்தத் தெருவில எல்லாரும் திறப்பினம்.”

“ஓம், ஓம்.”

லண்டன் பழக்கம். அவள் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டார்.

டக்... டக்... டக்.

முகத்தின் உயரத்தில். கதவிடுக்கால் ஈரக் கம்பளி நாற்றம், மாட்டுச் சாணி நாற்றம். பத்மநாதன் மூச்சை அடக்கினார். விளக்கையும் அணைத்தார்.

டக்... டக். இப்போது இடுப்பு உயரத்தில்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில், கொழும்பில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அவரும் இப்படித் தட்டிய சிறுவன்தான். ஒரு வீடு திறந்தது. அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறார். அது தெரிந்தும் கை பூட்டுக்குப் போகவில்லை.

பிறகு... நகம் பிறாண்டும் சத்தம். கதவின் அடியில், தரையோடு.

அதுவும் நின்றது. அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. திறந்தார்.

யாருமில்லை. பனியில் புதிதாக ஒரு காலடிகூட இல்லை. ஆனால் தெரு நெடுக எல்லா வீட்டுக் கதவுகளும் அகலத் திறந்திருந்தன. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று அவரையே பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக் கிழவி மெல்ல நடந்து வந்தாள்.

“அந்தக் காலத்தில் பனிப்புயலில் பண்ணை வேலைக்காரன் ஒருவன் இந்தத் தெருவில் வீடு வீடாகத் தட்டினான். எங்கள் ஆட்கள் ஒருவரும் திறக்கவில்லை. விடியும்போது விறைத்துக் கிடந்தான். அவன் வரும் நாளில் நாங்கள் கதவு சாத்துவதில்லை.”

“எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்றார் பத்மநாதன். சொன்ன வாய் கூசியது.

கிழவி கோபிக்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் இருட்டு வீட்டுக்குள் பார்த்தாள்.

“பரவாயில்லை... கடைசியிலாவது திறந்தீர்களே. அவனுக்கு ஒரு போர்வை கொடுங்கள்.”

வீட்டுக்குள்ளே, அவருக்குப் பின்னால், குளிரில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

பத்மநாதனுக்குத் திரும்பிப் பார்க்க முகமில்லை.