மலைச்சரிவில் ஒரு தகரம்

ஒர்னெல்லா: ...அதனாலதான் நேர்லயே வந்தேன் ஐயா. மண் நகருதான்னு செயற்கைக்கோள் ராடார் அளக்கறதுக்காக, உங்க வீட்டுக்குக் கீழே சரிவுல நாங்க நட்டு வச்ச அந்த மூணு பக்கத் தகரம் ஒரு தடவை பார்த்தா இறங்கியிருக்கு. பன்னிரண்டு நாள் கழிச்சு செயற்கைக்கோள் திரும்ப வந்து பார்த்தா ஏறியிருக்கு.

கானியோ: ஏறட்டுமே இஞ்சினியரம்மா. ஒரே இடத்துல உக்காந்தா அதுக்கும் கால் மரத்துப் போகும்ல?

ஒர்னெல்லா: மண் சரிஞ்சா கீழேதான் போகும். எந்த மலையும் ஏறாது.

கானியோ: எங்க பசிலிக்காத்தா மலை அப்படித்தான். யார் சொன்னாலும் கேக்காது.

இமாகொலாத்தா: என்னைக் கட்டினவர் மாதிரியே.

கானியோ: நீ காபியைப் போடு... ஏம்மா, மேகம் மூடினாலும் இருட்டினாலும் உங்க ராடாருக்குக் கண்ணு தெரியும்னீங்க. மில்லிமீட்டர் கணக்கா அளக்கும்னீங்க. தகரத்தை யாரு ஆட்டுறான்னு மட்டும் தெரியலையாக்கும்?

ஒர்னெல்லா: யாரோ ஆட்டுறாங்கன்னு நான் சொல்லவே இல்லையே!

இமாகொலாத்தா: வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டாரு.

ஒர்னெல்லா: இது விளையாட்டில்லை ஐயா. சரிவு வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இறங்கினா வீட்டைக் காலி பண்ணணும். டவுன்ல அரசாங்கம் வேற வீடு குடுக்கும்.

கானியோ: நாலாவது மாடி! பன்னியை எங்கே வளர்க்கிறது, பால்கனியிலயா?

இமாகொலாத்தா: உங்களையே வச்சு வளர்க்கப்போறேன். பன்னி ஒண்ணு கூட இருந்தா என்ன?

கானியோ: சரி... நான்தான். கீழே இறங்கியிருந்துச்சு. நட்டைக் கழட்டி, அடியில ஒரு மரச்சில்லைச் செருகித் தூக்கி வச்சேன். வீட்டை விட்டுத் துரத்துவீங்களேன்னு...

ஒர்னெல்லா: எப்போ?

கானியோ: செயற்கைக்கோள் வர்றதுக்கு முந்தின நாள். தேதி போட்டுக் காலண்டர் குடுத்ததே நீங்கதானே? அன்னைக்கு ஆட்டை அங்கே கட்டாதேன்னு.

ஒர்னெல்லா: ஏறினது புரியுது. இறங்கினது? ஒரே தடவையில ஒரு விரல் கனம்...

கானியோ: அது மலையோட வேலை.

இமாகொலாத்தா: என் வேலை.

கானியோ: என்னது?

இமாகொலாத்தா: சிக்கரிக் கீரை பறிக்கப் போறேன்னு போய், சில தடவை செயற்கைக்கோள் வர்றதுக்குள்ள சில்லை உருவிட்டு வந்தேன்.

கானியோ: அடிப்பாவி! ஒவ்வொரு தடவையும் புதுசா செதுக்கினேனே! கடைசியா வச்சது ஓக் மரம்டி!

இமாகொலாத்தா: ஆமா, நல்லா நின்னு எரிஞ்சுது. இந்தக் காபியே அதுல கொதிச்சதுதான்.

கானியோ: நாலாவது மாடி மேல அவ்வளவு ஆசையா உனக்கு?

இமாகொலாத்தா: ஆசையா? அலமாரிக்குப் பின்னாடி சுவர் பிளந்திருக்குங்க. என் கை உள்ளே போகுது. நான் சொன்னா நகருவீங்களா? வானத்துலேருந்து ஒரு மெஷின் சொன்னாலாவது கேப்பீங்கன்னு பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு.

கானியோ: ...தெரியும்டி. அலமாரியை அங்கே நகர்த்தினதே நான்தான். நீ பார்த்தா பயப்படுவேன்னு.

ஒர்னெல்லா: ரெண்டு பேரும் இன்னைக்கே கிளம்புங்க. உங்க கூரை ஏழு சென்டிமீட்டர் இறங்கிருச்சு.

கானியோ: தகரத்தைத்தான் நாங்க மாத்தி மாத்தி ஆட்டினோமே... கூரை இறங்கினது எப்படித் தெரியும்?

ஒர்னெல்லா: அதுக்குத் தகரம் வேணும்னு இல்லை. கல்வீடு, இரும்புக் கூரை... இதெல்லாமும் ராடார் அலையைத் திருப்பி அனுப்பும். உங்க வீடு தனியாத் தெரியும்.

இமாகொலாத்தா: அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?

ஒர்னெல்லா: காபி... ஆறிடும்...

கானியோ: அவ கேக்குறாள்ல? எப்போ தெரிஞ்சுது?

ஒர்னெல்லா: அக்டோபர்ல.

இமாகொலாத்தா: இது மார்ச்!

கானியோ: அஞ்சு மாசம் அந்தக் கூரைக்கு அடியில தூங்கியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏன்மா சொல்லலை?

ஒர்னெல்லா: உங்க தகரம் ஏறி இறங்கினதை வச்சு 'மலை மூச்சு விடுது'ன்னு ஒரு கட்டுரை எழுதினோம்... உலகத்துலயே முதல் தடவைன்னு. அது அச்சாகுற வரைக்கும் அங்கே எதையும், யாரையும் அசைக்க வேண்டாம்னு எங்க ஆபீஸ் பெரியவர் சொன்னார். சரின்னு கையெழுத்துப் போட்டது நான். போன வாரம்தான் வெளிவந்துச்சு.