இரண்டு விரல் நீர்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரை சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

இருபது வயதில் டூவூம்பா ஊர்ப் பக்கம் கறித் தொழிற்சாலையில் மாடு அறுத்தேன். முதுகு போன பிறகு பாம்புக்கடி மருந்து செய்யும் இடத்தில் சேர்ந்தேன். பத்தொன்பது வருடம் ஒரே கண்ணாடிக் குழாய். ஆள் உயரம். உள்ளே ஜவ்வரிசி போல ஈர மணிகள். குதிரை ரத்தத்தின் தெளிநீரை ஊற்றினால் அதிலுள்ள புரதங்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். உப்பு நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஒவ்வொன்றாகப் பிடியை விடும். விஷத்தை முறிப்பது ஒரு புட்டியில், உடம்புக்கு ஆகாதது இன்னொன்றில். மணிகளுக்கு மேல் எப்போதும் இரண்டு விரல் நீர் நிற்க வேண்டும். வற்றினால் வெடிப்பு விழும். எல்லாம் அந்த வழியாகக் கலந்தே இறங்கும்.

போன வருடம் லியோனி வந்தாள். என் வயதுக்காரி.

"ஏம்ப்பா க்ளெம், பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கியா?" என்றாள், நான் குழாயையே பார்த்து நிற்கையில்.

"அவ சொட்டுச் சொட்டாப் பேச மாட்டாளே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் நான் குழாயருகே நிற்கும்போதெல்லாம் நீல நோட்டில் எதையோ எழுதினாள். திரும்பினால் மூடிவிடுவாள். இரண்டு முறை மேலாளர் அறைக்கும் போனாள். என் பிழைகளைச் சேர்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயைக் கவனிப்பது அவள் முறை. "கொஞ்சம் பார்த்துக்கப்பா, ஒரு கறி பஃப் தின்னுட்டு ஓடி வந்துடறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். இரண்டு விரல் ஒன்றானது. பிறகு மணிகள் தெரிந்தன. நான் எதையும் தொடவில்லை. வெடிப்பு விழுந்த பிறகுதான் மேலே தடவிச் சமமாக்கி நீர் ஊற்றினேன்.

சோதனையில் தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டுவாள். அது போதாது. சோதனைக்கு மாதிரி கொண்டுபோவது நான். போன மாதத்து நல்ல புட்டியிலிருந்து கொண்டுபோனேன். அன்றைய வேலைத் தாளில் அவள் கையெழுத்துதான் இருந்தது.

அந்த மருந்து போய்ச் சேர்ந்தது ஓர் ஆட்டுப் பண்ணைச் சிறுமிக்கு, ஒன்பது வயது. மருந்து ஏறிப் பத்து நிமிடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. பாம்பு கடித்த பிள்ளை, எப்படியும் போகக்கூடியதுதான்.

நீங்கள் காட்டிய அவளுடைய நீல நோட்டைப் படித்தேன். 'அளவுகோல் இல்லாமலே க்ளெம் இரண்டு விரல் நிறுத்துறான். எனக்கு எப்ப வரும்?' பக்கம் பக்கமாக என் கைவேலை. அவள் மேலாளரிடம் போனதுகூட என்னைத் தலைமை ஆளாக்கச் சொல்லத்தான் என்கிறீர்கள்.

கெட்டிக்காரி. ஒருநாள் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாள்.