எஸ்.ஐ. சரி பண்ணின தேதி

தடயவியல் பயிற்சிக்கான பாடத்திட்டம் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் ஒரு சின்னக் கதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடறேன்...

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்க ஞானசிகாமணின்னு ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார். அரையாண்டுக் கேள்வித்தாள் அவர் ரூம் கம்ப்யூட்டர்லதான் வந்து இறங்குச்சு. திங்கக்கிழமை பரீட்சை. ஞாயித்துக்கிழமையே ஊர் பூரா பிள்ளைங்க போன்ல கேள்வித்தாள்!

சந்தேகம் யார் மேல வரும்? அந்த ரூம் சாவி வெச்சிருக்கிறவர் மேலதானே? இன்னொரு சாவி ஆபீஸ்ல தொங்குது... அதை யாரும் நினைக்கல.

எஸ்.ஐ. முத்துவீரன் வந்தாரு. வாத்தியார் கையெடுத்துக் கும்பிடறாரு.

"சார், கேள்வித்தாள் வந்தது வியாழக்கிழமை. அன்னிக்குச் சாயங்காலமே நான் தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிட்டேன். பென்டிரைவ்ல எப்ப எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும். வியாழக்கிழமைன்னா என்னைப் பிடிங்க. வெள்ளிக்கிழமைன்னா... என்னை விட்டுடுங்க சார்."

நியாயமான பேச்சு. எஸ்.ஐ.யும் நல்ல மனுஷன். கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டு வந்து, ஸ்விட்சைப் போட்டாரு. பார்த்தா... தேதியும் நேரமும் தப்பா ஓடுது! என்ன பண்ணினாரு தெரியுமா? பொறுப்பா, நேர்மையா... தேதியைச் சரி பண்ணி வெச்சாரு! அப்புறம் நாலஞ்சு நாள் அதுக்குள்ள தேடு தேடுன்னு தேடினாரு.

ரெண்டு மாசம் கழிச்சு, அந்தக் கம்ப்யூட்டரை அனுப்பி வெச்ச தடயவியல் ஆய்வகத்துலேருந்து பர்வீன்னு ஒரு அதிகாரி போன் பண்றாங்க.

"சார், காப்பி எடுத்த நேரம் கிடைச்சிடுச்சு. ஆனா கடிகாரம் தப்பா ஓடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, எவ்வளவு தப்பு? சில மணி நேரமா? ஒரு நாளா? அது தெரிஞ்சாத்தானே எடுத்தது வியாழனா வெள்ளியான்னு சொல்ல முடியும்?"

"ஞாபகம் இல்லையே மேடம்..."

"குறிச்சு வெக்கலையா? நீங்க நாலஞ்சு நாள் கம்ப்யூட்டரை ஓட விட்டதுல, நேரம் மாத்தின பதிவும் அழிஞ்சு போச்சே!"

"குறிக்கணும்னு... எனக்கு யாரும் சொல்லித் தரலையே மேடம்!"

முடிஞ்சுது. போதிய ஆதாரம் இல்லைன்னு கேஸை மூடினாங்க. வாத்தியார் வேலைக்குத் திரும்பினாரு. அவர் உள்ள நுழைஞ்சா ஆசிரியர் அறையில பேச்சு நிக்கும். பக்கத்து சீட்டுக்காரர் போனைக் கவுத்து வெப்பாரு. தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டாராம், "உண்மையைச் சொல்லு, உங்கண்ணன் எடுத்தாரா இல்லையா?"

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல எஸ்.ஐ.யே அவரைப் பார்த்துட்டாரு. கிட்ட வந்து மெதுவாச் சொன்னாரு. "சார், தப்பா நினைக்காதீங்க. எடுத்தது நீங்களா இல்லையான்னு... இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

வாத்தியார் சொன்னாரு, "தெரிஞ்சிருக்கும் சார். நீங்க தொடாம இருந்திருந்தா."

இப்ப உங்களைக் கேக்கறேன். அவர் எடுத்தாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கு? தெரியாது. இனி யாருக்குமே தெரியாது! கேஸை மூடலாம் ஐயா... சந்தேகத்தை மூட எந்தக் கோர்ட்டால முடியும்?

அதனாலதான் சொல்றேன். இந்தத் தடயவியல் பயிற்சியை ஆய்வகத்துல இருக்கிற பர்வீனுக்கு மட்டும் குடுத்துட்டு நிறுத்தாதீங்க. அந்த ஸ்விட்சுல முதல்ல கை வெக்கிறது முத்துவீரன்தான். அவருக்குக் குடுங்க... அவருக்குத்தான் முதல்ல குடுங்க!