சித்திரை வெயிலுக்கு லேசான ஒயின்

சித்திரை வெயிலுக்குக் கருஞ்சிவப்பு ஒயின் ஒத்துவராது சார். நாக்கில் துவர்ப்பு நிற்கும், தலை கனக்கும். திண்டுக்கல் மாதிரி ஊருக்கு லேசான சிவப்புதான் சரி. பன்னீர் திராட்சையைப் பிசைந்து ஊறப்போட்டு, இரண்டே நாளில் தோலை வடித்துவிட வேண்டும். நிறம் ரோஜாப்பூ மாதிரி நிற்கும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் மோர் மாதிரி இறங்கும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் யார் ஒயின் போட்டாலும், ருசி பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் பதினெட்டு வருடம் குடித்தார். அந்தக் காலத்தில் வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். மாதா கோயிலுக்குப் போனால், "வியாகுலம் அக்கா மாதிரி பொறும யாருக்கு வரும்" என்பார்கள். முன்வரிசையில் இடம் விடுவார்கள். அப்புறம் ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். டாக்டர் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னார்: ஈரல் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி குடியைத் தொட்டால் ஆள் தேறமாட்டார். அன்றைக்கு நிறுத்தியவர் நான்கு வருடம் தொடவில்லை.

நல்ல விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடிக்காத மனிதர் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். குழம்பில் உப்பு பார்க்கிறார். காலேஜில் எதைப் படிக்கலாம் என்று மகள் ஆனந்தி அவரிடம் போய்க் கேட்கிறாள். கோயிலில் ஃபாதர் அவரை, குடியை விட்ட கதையை மைக் முன்னால் சாட்சியாகச் சொல்ல வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண், "ஒனக்கென்னக்கா, குடுத்து வச்சவ" என்றாள். அதன்பிறகு என்னை யாரும் எதுவும் விசாரிப்பதில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நல்ல வெயில். மட்டன் பிரியாணி செய்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்தேன்.

"வேணாம் வியாகுலம். டாக்டர் சொன்னது ஒனக்குத் தெரியும்ல?"

"இது என்ன சாராயமா? திராட்சத் தண்ணி. இம்புட்டு வெயில்ல லேசா நாக்க நனைங்க."

அவர் டம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன். குடித்தார்.

புதன்கிழமை அவராகவே ஃபிரிட்ஜைத் திறந்து, "அம்புட்டுத்தானா?" என்றார். வைகாசியில் ஒயின் போதாமல் பிராந்திக்கு வந்துவிட்டார். வெயிலில் அலைய வேண்டாமே என்று, தெரிந்த ஆட்டோக்காரரிடம் சொல்லி நானே வாங்கி வைத்தேன். ஆனந்தி அதைத்தான் உங்கள் ஸ்டேஷனில் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுதியிருப்பதெல்லாம் சரிதான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

ஆடி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண்ணெல்லாம் மஞ்சள். தெருவே திரண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. கடைசி நாள் நினைவு திரும்பியபோது, அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நாலு வருசம் நல்லா இருந்தேன். திரும்ப ஒன்னய அழ வச்சுட்டேன். மன்னிச்சுரு வியாகுலம்" என்றார்.

மன்னித்துவிட்டேன் சார். மனசில் எதையும் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.