மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா?

வேலை தேடுகிறவர்கள் தங்கள் விவரக்குறிப்பை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது. மூன்றாவது பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. இந்தக் கம்பெனியின் ஆள் சேர்ப்புப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். வேலைவாய்ப்பு வார இதழில் ‘வழித்துணை’ என்ற பெயரில் கேள்வி பதில் எழுதுவதும் நான்தான். இங்கே யாருக்கும் தெரியாது. விசாரணை அதிகாரியான உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதனால் சொல்லிவிட்டேன். அந்தப் பதிவுக் கருவி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றையே இரண்டு தடவை சொல்ல எனக்குப் பிடிக்காது.

சிட்டுவைப் பற்றித்தானே கேட்டீர்கள். அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது. காலையில் உள்ளே நுழையும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பை எடுக்கும்வரை வாய் ஓயாது. வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடம் எனக்கு அடுத்த நாற்காலி. என்னைவிட மூன்று வயது சின்னவள் என்பதால் அக்கா என்பாள். அவள் மகளுக்கு நான் பெரியம்மா. எனக்கென்று வேறு யாரும் இல்லை என்பதை நீங்கள் என் கோப்பிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ ஒரு பேக்கிங் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “மேடம், உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க ஒருத்தர் எங்ககிட்ட அப்ளை பண்ணியிருக்காங்க. விசாரிக்கறதுக்கு உங்க பேரக் குடுத்திருக்காங்க” என்றார் அந்த மனிதர். அவர் சொன்னது சிட்டுவின் பெயர். அவள் எனக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து, விடுப்புக் கடிதங்களை ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள் என்று அந்த மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காய்ச்சலுக்கு நான் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருந்தேன்.

ஒருவர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். இதையும் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை.

இருந்தாலும் நான் மரியாதையாகத்தான் பேசினேன். நேரத்துக்கு வருவாளா, வருவாள். கைசுத்தமா, சுத்தம். மற்றவர்களோடு ஒத்துப்போவாளா, எல்லோரோடும். கடைசியில் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “அவங்க திரும்பி வந்தா மறுபடி சேத்துப்பீங்களா?” இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் பத்துக் கேள்விக்கான பதிலைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இந்த ஒன்றுக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதுகில் குத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறாளே என்றுதான் தோன்றியது. மூன்று நொடி பதில் சொல்லாமல் இருந்திருப்பேன். “பரவால்ல மேடம், புரிஞ்சுது. ரொம்ப நன்றி” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நான் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. அவராக ஒன்றைப் புரிந்துகொண்டார். திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம்தான், எண் எதிரிலேயே இருந்தது. ஆனால் எனக்கு அப்போது அவ்வளவு வலித்தது. உங்களுக்கும் வலித்திருக்கும்.

அன்று காலையிலேயே அவள் ராஜினாமாக் கடிதத்தை என் மேசைமேல் இருக்கும் கடிதத் தட்டில் வைத்திருந்தாள் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அந்தப் பேக்கிங் கம்பெனியில் வாய்வார்த்தையாக, எல்லாம் முடிந்துவிட்டது, விசாரிப்பது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி எழுதிவிட்டாள். வேலை உத்தரவு கைக்கு வரும்முன் இருக்கிற வேலையை விடாதீர்கள் என்று நான் மாதம் ஒருமுறையாவது எழுதுகிறேன், யார் கேட்கிறார்கள்?

நான்கு நாள் கழித்து என் மேசைக்கு வந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“அக்கா, அவங்க வேணாம்னுட்டாங்கக்கா. உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். வேலை உறுதியானப்புறம் சொல்லி, அங்கயே உங்களையும் இழுத்துக்கலாம்னு பாத்தேன். அந்த லெட்டரத் திரும்ப வாங்க முடியுமாக்கா?”

“அது அன்னிக்கே மேல போயிடுச்சேடி” என்றேன்.

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அன்று சாயங்காலம் மேலே அனுப்பினேன். என்னையும் இழுத்துக்கொள்வதாகச் சொன்னாளே, அதை நம்பவில்லையா என்று கேட்பீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்தால் மனிதர்களைப் படிக்கத் தெரிந்துவிடும்.

அதன்பிறகு ஏழு வருடம். அவள் என்னைக் கைவிடவில்லை, நானும் அவளைக் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். விவரக்குறிப்பை நான்தான் உட்கார்ந்து எழுதித் தருவேன். இரண்டே பக்கம், எழுத்துப்பிழை இருக்காது. கடைசியில், விசாரிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரும் எண்ணும். எந்தக் கம்பெனி, என்றைக்கு நேர்முகம், என்ன புடவை கட்டலாம் என்று எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவாள். நல்லபடியாக நடக்கும், போய் வா என்று சொல்லித்தான் அனுப்புவேன். அடுத்த வாரம் எனக்குப் போன் வரும்.

மொத்தம் ஒன்பது இடம். எங்கேயும் நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருமுறை நிஜமாகவே சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறு அவள், “இது கெடச்சா கம்பெனி குவாட்டர்ஸுக்கே குடி போயிடலாம்கா, இந்தப் பக்கம் வரவே வேண்டியிருக்காது” என்று குதித்தாள். வரவே வேண்டியிருக்காது என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். போன் வந்தபோது மறுபடி அதே மூன்று நொடிதான்.

நடுவில் வார இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. பெயர் போடவில்லை, ஆனால் அந்தச் சாய்ந்த எழுத்தை எட்டு வருடம் பார்த்தவள் நான். ‘நேர்முகத்தில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பிறகு கூப்பிடுவதே இல்லை. என்னிடம் என்ன குறை?’ என்று கேட்டிருந்தாள். அதிகம் பேசுகிறீர்களோ என்று யோசித்துப் பாருங்கள், அளவாகப் பேசப் பழகுங்கள் என்று பதில் எழுதினேன். பொதுவாக யாருக்கும் பொருந்தக்கூடிய ஆலோசனைதான். அந்த ஞாயிறு அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து காட்டினாள்.

“பாருங்கக்கா, என்னை நேர்ல பாத்தவங்க மாதிரியே எழுதியிருக்காங்க.”

அதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் என் வீட்டிலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிட்டு என்று கூப்பிடவே ஒருமாதிரி இருந்தது. எனக்கு அது வருத்தம்தான்.

அவள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லாரி ஓட்டின கணவர் முழங்கால் போய் வீட்டோடு இருக்கிறார். மகள் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, வாடிக்கையாளர் போன்களுக்குப் பதில் சொல்கிற மையத்தில் சேர்ந்தாள். படிப்பை விட்டுவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்தேன். அவளுக்காவது வேலை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அவள் என் பெயரை எங்கும் கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு போன் வந்தது. ஏதோ மருந்துக் கம்பெனி என்று ஒரு பெண் பேசினாள். குரல் தெளிவு, நல்ல பயிற்சி. நேரம், கைசுத்தம், ஒத்துப்போவது எல்லாம் வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்லவிதமாகச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி. நான் வழக்கம்போல் இருந்தேன். மூன்று நொடி ஆனது, ஐந்து ஆனது. நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள் என்று பார்த்தால் அந்தப் பக்கமும் சத்தமே இல்லை.

“பெரியம்மா” என்றது குரல். “அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

தூரத்தில் சிட்டுவின் குரல் கேட்டது.

“போன வை கண்ணு. அக்கா எதாவது வேலையா இருந்திருப்பாங்க. அவங்க அப்படியெல்லாம் நினைக்கறவங்க இல்ல.”

அந்தப் போன் பேச்சைப் பதிவு செய்துதான் மகள் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். வெள்ளைக்காகிதம் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆமாம், நான்தான். அந்த முதல் போனிலிருந்து இதுவரை, கடிதத்தை இழுப்பறையில் வைத்திருந்ததும் சேர்த்து, எல்லாம் நான்தான். ஆனால் ஆரம்பித்தது யார் என்பதையும் அதே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாமல் கிளம்பினது அவள்.

என்னை வேலையைவிட்டு அனுப்புவீர்கள். அது உங்கள் கடமை, எனக்குக் கோபமில்லை. நேற்றே என் விவரக்குறிப்பைத் தயார் செய்துவிட்டேன், இரண்டே பக்கம். கடைசியில், விசாரிக்க வேண்டியவர் என்ற இடத்தில் சிட்டுவின் எண்ணைப் போட்டிருக்கிறேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை, அந்த நாளிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். எடுத்தால் மறுக்கமாட்டாள். இவங்கள மறுபடி சேத்துப்பீங்களா என்று யார் கேட்டாலும், அவள் ஒரு நொடிகூடத் தயங்கமாட்டாள்.